பந்தலூர்ப் பொன்

"தங்கம் விற்கிற விலையில், தங்கம் கிடைக்கிற ஊருக்கே போய்விட்டால் என்ன?" என்று என் மனைவி கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் அடுத்த வாரமே இருவரும் மூட்டை முடிச்சுடன் கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வழித்துணைக்கு ஒரு கிலோ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா!

மதுரை, கோவை, உதகமண்டலம் என்று பஸ் மாறிக் கூடலூருக்கு இறங்கினோம். சொந்த வண்டியில் போகிறவர்கள் வழியில் ஊசிமலையில் சற்று நின்று பாருங்கள். கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும். நம் ஊருக்கு மேற்கே நீலமாகத் தெரிகிறதே, அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். இங்கே மட்டும் வருஷத்தில் பாதி நாள் மழையில் நனைந்து, பச்சைப் பட்டு உடுத்தி நிற்கிறது.

கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா, அப்புறம் பந்தலூர். தேயிலைக்கு நடுவே ஒரு கடைவீதி, ஒரு பஸ் நிறுத்தம். இந்த ஊரைப் பார்த்தா லண்டன் மாநகரம் நாக்கில் நீர் ஊறியது என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், இதைப் பார்த்துத்தான்!

இந்தப் பக்கத்துக் குறும்பரும் பணியரும் வெகு காலமாகவே பாறையை உடைத்தும், ஆற்று மணலை மரத்தட்டில் அலசியும் பொன் எடுத்து வந்தார்கள். 1879-ல் சர்க்கார் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்தது. தங்கம் ஓடும் பாறைகள் இங்கே ஏராளம் என்று அவர் எழுதிவிட்டார். அவ்வளவுதான்! 1880, 81-ல் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. ஐம்பது லட்சம் பவுன் மூலதனம் என்றார்கள். பங்குகள் சுடச்சுட விற்றன. காட்டை வெட்டினார்கள், குன்றின் மேல் பங்களா கட்டினார்கள், கல்லை இடித்துப் பொடியாக்கும் இயந்திரங்களை மலையேற்றினார்கள். பொடியை அலசிப் பார்த்தால், செலவுக்குக் கட்டும்படியான பொன் இல்லை! சில வருஷங்களுக்குள் கம்பெனிகள் கவிழ்ந்தன. துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் தோண்டிய குழிகள் மட்டும் போகவில்லை.

அதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். தேவாலாப் பக்கம் காலை நேரத்தில் நடந்துகொண்டிருந்தோம். ஓர் அழகான பெரணிச் செடியைப் படம் பிடிக்கப் பாதையை விட்டு நாலடி வைத்தேன்.

"தம்பி, அங்கிட்டுப் போகாதீங்க!" என்று ஒரு குரல்.

அப்படியே நின்றேன். பெரியவர் ஒருவர் வந்து கையிலிருந்த கம்பால் புதரை விலக்கிக் காட்டினார். என் காலுக்கு ஒரு முழத்தில் கிணறு போல் இருட்டுக் குழி! கல் ஒன்றைப் போட்டார். அது அடியில் விழுந்த சத்தம் வர நேரமாயிற்று. என் மனைவி என் கையைப் பிடித்தவள் அப்புறம் விடவே இல்லை.

"இன்னும் திருட்டுத்தனமா உள்ளே இறங்கித் தோண்டுறவங்க இருக்காங்க. மண் சரிஞ்சு செத்தும் போயிருக்காங்க" என்றார்.

எங்கள் ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "எங்க பாட்டன் அந்தச் சீமையிலேயிருந்துதான் கண்டிச்சீமைக்குப் போனவர்!"

1964-ல் ஆன சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களுக்காக, 1968-ல் நம் அரசு இந்த மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியது. பத்து வயதில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர் இவர். தங்கத்துக்காக வந்தவர்கள் சில வருஷம் கூட நிற்கவில்லை. ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து கிள்ளி இந்த ஊரை ஊராக வைத்திருக்கிறார்கள்.

"பசங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் கோயம்புத்தூர். இனிமே யார் கொழுந்து எடுக்க வர்றா?" என்றார்.

பால்கோவாப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தாள் என் மனைவி. அவர் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "பாட்டன் சொன்ன ருசி இதுதானா!" என்றார்.

நீங்களும் போய் வாருங்கள். தென்மேற்குப் பருவமழை நாட்களைத் தவிர்த்து, டிசம்பர், ஜனவரியில் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். நீலகிரியில் அதற்குத் தடை. யானை நடமாடும் காடு. இருட்டுமுன் அறைக்குத் திரும்பிவிடுங்கள். பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள். அங்கே உங்களைக் கூப்பிட்டு நிறுத்த எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.