கை ஏத்துற வேலை

மார்ச் 26, புதன்

பண்ணாரியம்மன் கோவிலில் பூச்சாட்டு ஆகிவிட்டது. குண்டம் திருவிழாவுக்குள் தைத்துத் தர வேண்டியவை மேசையிலும் அலமாரியிலும் நிரம்பிக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் மஞ்சள் துணி.

அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் இதே அளவுங்க. அக்குள்ல மட்டும் கொஞ்சம் இறக்கி வெட்டிருங்க, கையத் தூக்குனா இழுக்குது." இன்று வந்த டீச்சரம்மாவும் அதையே சொன்னார். போர்டில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட் மேலேறிவிடுகிறதாம். சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே பாடம் நடத்த வேண்டியிருக்கிறதாம்.

இறக்கி வெட்டினால் இன்னும் மோசமாகும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடி முன் நிற்கவைத்து, போட்டிருந்த ஜாக்கெட்டின் அக்குள் தையல் எங்கே இருக்கிறதென்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அக்குளுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. கை சுழல்வது தோள் மூட்டில். துணியில் கையும் உடம்பும் சேரும் இடமும் அந்த மூட்டை ஒட்டியே இருக்க வேண்டும். ஆம்ஹோல் அதைவிட்டுக் கீழே இறங்கிவிட்டால், கைக்கும் விலாவுக்கும் நடுவில் வௌவால் இறக்கை மாதிரி துணி நிற்கும். கை மேலே போனால் அந்தத் துணியும் மேலே போகும். பக்கத் தையலும் இடுப்புப் பட்டியும் கூடவே ஏறும். இழுக்கிறதே என்று அடுத்த ஜாக்கெட்டில் இன்னும் இறக்கச் சொல்வார்கள், இறக்கமும் இழுப்பும் சேர்ந்தே வளரும். பழைய அளவு ஜாக்கெட்டுகளை வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருப்பது தெரியும்.

36 மார்புக்கு ஆறில் ஒரு பங்கும் ஒரு அங்குலமும் சேர்த்து ஆம்ஹோல் இறக்கம் 7 என்பதுதான் பல இடங்களிலும் சொல்லித் தருகிற கணக்கு. எனக்கு அதில் கால் அங்குலம் குறைக்கத்தான் தோன்றும், கூட்டத் தோன்றாது. கை ஓரத்தில் உறுத்தல் இருந்தால் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்காது, முன்பக்கத்தில் இருக்கும். முன் ஆம்ஹோலைப் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் உள்ளே குழித்து வெட்டினால் உறுத்தல் போய்விடும். டீச்சரம்மாவுக்கு ஒன்றை மட்டும் என் கணக்கில் தைத்துத் தருவதாகப் பேசி முடித்தேன்.

மார்ச் 27, வியாழன்

புளியம்பட்டிச் சந்தை நாள் என்பதால் காலையில் கூட்டம் இல்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்ணுக்குக் கை வெட்டக் காட்டினேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து ஓவர்லாக் டைலராக ஆனவள். கை ஏத்துவதில் அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் அங்கே வெட்டின துண்டு கைக்கு வரும். ஏன் அப்படி வெட்டியிருக்கிறது என்று கேட்க நேரம் இருந்ததில்லை என்றாள்.

பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். ஆம்ஹோல் சுற்று 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கைத்துண்டின் மேல்வளைவும் அதற்குப் பொருந்த வேண்டும். மடித்தால் பாதிக்கு 8. வளைவை நேர்கோடாகப் பார்த்தால் செங்கோண முக்கோணம், பள்ளிக்கூடத்துப் பைதாகரஸ்தான். மேல்வளைவின் உயரத்தை 2 அங்குலம் வைத்தால் கை அகலம் பதினைந்தரை வருகிறது. 3 வைத்தால் கிட்டத்தட்ட பதினைந்து. 5 வைத்தால் பன்னிரண்டரைதான். அதே ஆம்ஹோல், அதே 16, ஆனால் உயரம் ஏற ஏறக் கை ஒடுங்குகிறது.

அவள் கம்பெனியில் ஏத்தின டி-ஷர்ட் கைகள் எல்லாம் முதல் வகை. மேல்வளைவு குட்டையாக, ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். தோளைச் சேர்த்ததும், பக்கம் மூடாத உடம்போடு கையைத் தட்டையாக வைத்து ஓட்டிவிட்டு, கை முனையிலிருந்து அடிமடிப்பு வரை ஒரே ஓட்டத்தில் பக்கத்தை மூடிவிடலாம். உற்பத்திக்கு அதுதான் சுலபம். போடுகிறவருக்கும் கையைத் தூக்கச் சுலபம். ஆனால் கையைத் தொங்கவிட்டால் அக்குளில் மடிப்பு மடிப்பாகத் துணி சேரும். கோட்டு இதற்கு நேர் எதிர். மேல்வளைவு உயரம், ஆம்ஹோலைவிட ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நீளம். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அமுக்கி, மூடின கையை மூடின குழிக்குள் ஏத்துவார்கள். சும்மா நிற்கும்போது சிலை மாதிரி விழும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கோட்டு முழுக்கத் தூக்கும்.

"அப்ப எது சரிங்கக்கா?" என்றாள். யார் போடுகிறார்கள், போட்டுக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாமல் கத்திரியைக் கையில் எடுக்கவே கூடாது என்றேன். பேப்பரை மடித்து அவளே வைத்துக்கொண்டாள்.

மார்ச் 29, சனி

ரம்ஜானுக்கு ஜிப்பாக்கள். மதியத்துக்குள் எல்லாம் கொடுத்துவிட்டேன்.

பழைய வெட்டில் ஒன்று கேட்டிருந்தார் பெரியவர் ஒருவர். எனக்கு ரொம்பப் பிடித்த வெட்டு அது. தோளும் கையும் உடம்பும் எல்லாமே நேர்கோடு, மேல்வளைவு என்பதே கிடையாது. வளைவு இல்லாத கை அக்குளில் கிழியாமல் இருக்க, அங்கே ஒரு சதுரத் துண்டைக் குறுக்காக வைத்துத் தைப்பார்கள். உள்ளங்கை அளவுகூட இருக்காது அந்தத் துண்டு. கையைத் தூக்கும்போது அது விரியும், இறக்கினால் மடிந்து ஒளிந்துகொள்ளும். துணியில் ஒரு கீற்றும் வீணாகாது. வளைவு வெட்டத் தெரியாதவர்கள் செய்தது என்று இதைச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தறியில் நெய்த துணியை வீணாக்க மனசு வராதவர்கள் யோசித்துக் கண்டது.

தோளில் தையலே இல்லாமல் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடுகிற ரக்லான் கையையும் கடைப்பெண்ணுக்குக் காட்டினேன். திருப்பூரில் அந்தப் பெயரைத் தினமும் சொல்லியிருக்கிறாள், அது ஒரு மனிதரின் பட்டம் என்று தெரியாது. 1815-இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்து, பிற்பாடு கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ரக்லான் பிரபு. அவருடைய மேற்கோட்டின் கை என்றுதான் அந்தப் பெயர். தோள் எங்கே முடிகிறது என்று அந்தக் கை கேட்காது. அதனால் பல அளவுத் தோள்களுக்கும் ஒரே சட்டை ஒத்துப்போகும். ஆனால் அகன்ற தோளை அது சரித்துக் காட்டும், சரிந்த தோளை இன்னும் சரித்துக் காட்டும்.

மார்ச் 31, திங்கள்

கடை லீவு. மல்லிகைக் காட்டுக்குப் போயிருந்தேன். பூப் பறிக்கப் போகிற அக்கா ஒருவர் ஒரு கட்டு ஜாக்கெட்டைக் கொண்டு வந்து போட்டிருந்தார். எல்லாமே ஒரே இடத்தில் கிழிசல், அக்குளுக்குப் பின்பக்கம், கைத்தையலை ஒட்டி. ஒட்டுப் போட்டு அனுப்பலாம், ஆனால் எப்படிக் கிழிகிறது என்று பார்க்காமல் எனக்கு மனசு ஆறவில்லை.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே போய்விட்டார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்துச் சத்தியமங்கலம் மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். நெற்றியில் லைட், இடுப்பில் துணிப்பை. செடி இடுப்பு உயரம்தான். நான் நினைத்திருந்தது போலக் கையை மேலே தூக்கும் வேலையே இல்லை. குனிந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, செடியின் அந்தப் பக்கம் வரை எட்டி எட்டிப் பறிக்கிறார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் முதுகு விரிகிறது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகுகின்றன. முதுகின் குறுக்களவு நின்றால் ஒன்று, நீட்டினால் வேறு. அந்த வித்தியாசத்தை ஜாக்கெட் தர மறுக்கிறது, வியர்வையில் நைந்த இடத்தில் பட்டென்று விட்டுவிடுகிறது.

ஜாக்கெட்டுக்கும் சேலைக்கும் மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். பனிக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் என்று சொல்கிறார்கள். சட்டை ஒன்றுகூட அக்குளில் கிழியவில்லை. ஆம்பளைச் சட்டையில் கையின் மேல்வளைவு குட்டை, தோள் கீழே இறங்கி நிற்கிறது, முதுகில் தோள்பட்டித் துண்டுக்குக் கீழே மடிப்பு வைத்திருக்கிறது. முன்னால் எட்டுவதற்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. பெண்பிள்ளை ஜாக்கெட்டை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவளுக்கு வெட்டுவதுபோல் வெட்டிக்கொண்டிருக்கிறோம். காட்டு வேலையில் பாதிக்கு மேல் செய்பவள் அவள்தானே? இதை நினைக்க நினைக்கக் கோபம் வந்தது.

"என்னுங்கம்மிணி, காத்தாலயே காட்டுக்கு வந்துட்டீங்க?" என்று அந்த அக்கா கேட்டார். உங்க முதுகைப் பார்க்க வந்தேன் என்றதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அங்கேயே, அவரைக் கையை நீட்டியபடி நிற்கச் சொல்லி முதுகின் குறுக்களவு எடுத்தேன். கையைத் தொங்கவிட்டபோது 14, நீட்டியபோது பதினைந்தே முக்கால்.

ஏப்ரல் 2, புதன்

கல்யாணப் பட்டு. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொடுத்த சேலை, ஜாக்கெட் துணியில் நாலங்குல பார்டர். பார்டர் கையின் முனையில்தான் வர வேண்டும், நேராக வர வேண்டும். அதனால் கை நீளத்தை முடிவு பண்ணுவது ஓரளவு நெசவாளிதான். பெண்ணுக்குப் பப் கை வேண்டும். அவள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, தங்கள் காலத்து மோஸ்தர் என்கிறார்.

பப் கையில் எல்லோரும் சுருக்கத்தைப் பார்க்கிறார்கள், தோளைப் பார்ப்பதில்லை. தோள் அளவை அப்படியே விட்டுச் சுருக்கம் வைத்தால், உப்பல் தோளுக்கு வெளியே தொங்கி, ஒல்லிப் பெண்ணும் அகன்று தெரிவாள். ஜாக்கெட்டின் தோளை இரண்டு பக்கமும் அரை அங்குலம் குறைத்துவிட்டால் உப்பல் எலும்பின் மேல் எழுந்து உட்காரும். கழுத்து நீண்டு தெரியும், இடுப்பு சிறுத்துத் தெரியும். கை எங்கே முடிகிறது என்பதும் அப்படித்தான். மார்பின் மட்டத்தில் முடிந்தால் பார்டர் அங்கே ஒரு குறுக்குக்கோடு போட்டு மார்பை அகலமாகக் காட்டும். முழங்கைக்குச் சற்று மேலே முடிந்தால் கண் இடுப்புக்கு இறங்கும். பெண்ணுக்கு முழங்கை வரை நீளமும் மேலே சின்ன உப்பலும் என்று முடிவானது. அம்மாவும் சரி என்றார்.

கூட வந்திருந்த ஆத்தா கடைசி வரை பேசவே இல்லை. அளவு எடுக்கட்டுமா என்றதற்கு, "எனக்கெதுக்குச் சாமி ரவிக்கை" என்றார். நம் பக்கத்தில் அந்தத் தலைமுறையில் பலர் கடைசி வரை ரவிக்கை போடாதவர்கள். தெற்கே திருவிதாங்கூரில் மேலாடைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடி, 1859-இல்தான் அரசாணை வந்தது. இங்கே கதை வேறு. ஆத்தா கையை நீட்டித் தண்ணீர்ச் சொம்பை வாங்கும்போது பார்த்தேன். தோள் எந்தத் தடையும் இல்லாமல் முழுசாகச் சுழன்றது. தையல்காரி கவனிக்க வேண்டிய அளவு அதுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

டீச்சரம்மா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைச் சுவரில் எழுதுகிற மாதிரி கை வீசிப் பார்த்தார். பட்டி அசையவில்லை. அக்குளில் இறுக்கம் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டேன், இல்லை என்றார். மற்ற நாலையும் இதேபோல் வெட்டச் சொல்லிவிட்டார்.

பூக்கார அக்காவுக்கு வெட்டினது இப்படி: பின்பக்கக் குறுக்களவில் பக்கத்துக்கு அரை அங்குலம் கூட்டினேன். ஆம்ஹோலை ஏத்தினேன். கையின் மேல்வளைவை 3-லிருந்து இரண்டேகாலுக்கு இறக்கினேன், அகலம் தானாகக் கூடிவிட்டது. அக்குளில் ஜிப்பாவிலிருந்து கற்றுக்கொண்ட சதுரத் துண்டு, கிராஸில் வெட்டி, நூலைவிட்டு நூல் நெகிழ்கிற மாதிரி. சாயம் போகாத கனத்த காட்டன். கையைத் தொங்கவிட்டு நின்றால் பின்பக்கம் கொஞ்சம் மடிப்பு விழத்தான் செய்கிறது. அது அழகில்லை என்று கடைப்பெண் சொன்னாள். எட்டும்போது விரிய வேண்டிய துணி, சும்மா நிற்கும்போது எங்காவது இருந்துதானே ஆக வேண்டும் என்றேன்.

அக்கா போட்டதும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்த நூல்கண்டு டப்பாவைக் குனிந்து எட்டி எடுத்தார். திரும்பவும் வைத்தார், திரும்பவும் எடுத்தார். "இழுக்கலீங்க" என்றார். கிழிகிற இடத்தில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன், சீசன் முடியும் வரை போட்டுவிட்டு வந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் நங்கையாளுக்கும் இதேபோல் வேண்டுமாம். திங்கட்கிழமை அளவு எடுக்க வரச் சொல்லியிருக்கிறது, கையை நீட்டித்தான் அளக்க வேண்டும்.