எலுமிச்சைக்கு ஒரு சாக்கு சிராய்

கடலாடியில் மே மாதத்து வெயிலில் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த அக்கா வீட்டில் குடிக்கத் தனித் தண்ணீர், புழங்கத் தனித் தண்ணீர். போரில் வருவது உப்பு. ஆகவே கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை, முருங்கை, நாலு கத்தரி, ஒரு எலுமிச்சைக்கு மிஞ்சுவது அரிசி கழுவிய நீரும் காய்கறி அலசிய நீரும்தான்.

எலுமிச்சைக்கு மட்டும் வேறு கணக்கு. கணவர் இறப்பதற்கு முந்தைய ஐப்பசியில் அவர் கையால் வைத்த கன்று அது. மூன்றாவது கோடையில் இலை சுருண்டு உதிரத் தொடங்கியதும், மூட்டுவலியோடு தெருக்குழாயிலிருந்து தினமும் இரண்டு குடம் கூடுதலாகச் சுமந்தார். சென்னையில் இருக்கும் மகள் போனில் சத்தம் போட்டாள்.

"கடையில வாங்கிக்கலாம்மா எலுமிச்சம்பழம். முட்டி போச்சுன்னா யாரு பாக்குறது?"

மகள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

வழி கிடைத்தது ஒரு கரிமூட்டத்தில். சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதி என்று அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் சீமைக்கருவேலம்தான். 1870-களில் இந்தியாவுக்கு விதையாக வந்த மரம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வெட்டி அகற்றச் சொன்னது ஊருக்கே தெரியும். நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்று திட்டுகிறோம். ஆனால் மழை பொய்த்த வருடங்களில் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் கரியை நம்பித்தான். விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவார்கள். கோடரி விழுந்த இடத்தில் சிராய் குவிந்து கிடக்கும்.

"தம்பி, இதை ஒரு சாக்கு அள்ளிக்கிறவா?"

"அள்ளிக்கங்கக்கா. அடுப்புக்கா?"

"இல்லப்பா, செடிக்கு."

அவர் சிரித்துவிட்டார். "கரையான் ஏறும், பாத்துக்கங்க. முள்ளும் கிடக்கும்."

இரண்டுமே நடந்தன. அதற்கு முன்னால் வேறொரு தப்பும் நடந்தது. சிராயை உரம் மாதிரி நினைத்து, கத்தரிப் பாத்தியில் கொத்திப் புதைத்துவிட்டார். சில வாரங்களில் இலையெல்லாம் மஞ்சள். மண்ணுக்குள் புதைந்த மரத்தை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள், தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை அதே மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. நாலு கத்தரிச்செடியில் இரண்டு போனபிறகுதான் இந்தப் பாடம் கிடைத்தது.

எலுமிச்சைக்கு அவசரப்படவில்லை. முள்ளைப் பொறுக்கினார். காயும் இலையும் கலந்திருந்ததைச் சலித்து எடுத்தார். காயை விட்டால் பாத்தியிலேயே சீமைக்கருவேலம் முளைக்கும். பச்சை இலை மற்ற விதைகளை முளைக்க விடாது. அடியில் இரண்டு கூடை தொழுவுரம் போட்டு, மண் நனைய நனையத் தண்ணீர் விட்டு, அதன்மேல் நாலு விரற்கடை உயரத்துக்குச் சிராயைப் பரப்பினார். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக விட்டார். ஈரச் சிராய் தண்டோடு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். கரையான் ஏறினாலும் கண்ணில் படாது.

கரையான் வந்தது. காய்ந்த மரத்தைத் தின்றதே தவிர எலுமிச்சையைத் தொடவில்லை. வீட்டுச் சுவர் ஓரம் கிடந்ததை மட்டும் அன்றைக்கே வாரி அப்புறப்படுத்தினார். நிலைக்கதவு தேக்கு இல்லை, வேம்புதான் என்றாலும் பயம் பயம்தானே!

மூன்றாம் நாள் சிராயை விலக்கி விரலை விட்டுப் பார்த்தார். மண் குளிர்ந்து கிடந்தது. வெயில் நேரே படாததால் ஈரம் நின்றது. ஈரம் ஆவியாகும்போது மேலே வந்து படியும் வெள்ளை உப்புப் பூச்சும் அந்த இடத்தில் குறைந்திருந்தது.

ஐப்பசி மழைக்கு எலுமிச்சை துளிர்த்தது. இன்னும் காய்க்கவில்லை. மகள் இப்போதும் போனில் முதலில் கேட்பது குடக்கணக்குதான்.

"இன்னைக்கு எத்தனை?"

"இன்னைக்கு இல்லடி. நாளைக்கு மறுநாள் ஒண்ணு."

போட்ட சிராய் பாதி மட்கிக் கறுத்துவிட்டது. தை பிறந்ததும் மறுபடி மூட்டம் போடுவார்கள். சாக்கை உதறி மடித்து வைத்திருக்கிறார்.