பெட்டிசக்காரர் புதினம்

அன்பின் தோழிக்கு,

"ஊரில என்ன புதினம்?" எண்டு வட்ஸ்அப்பில ஒரு வரி போட்டிட்டு நீ ரொறன்ரோவில சுகமா இருக்கிறாய். இங்கத்தைப் புதினம் ஒரு வரிக்குள்ள அடங்காதடி. அதுதான் இருந்து கடிதமாவே எழுதுறன். கலியாணக் கதையள், சாமத்திய வீட்டுக் கதையள் அடுத்த கடிதத்தில வரும். இப்ப உடையார்கட்டில எந்த வாசலில நிண்டாலும் ரிப்பர் கதைதான்.

எங்கட பெட்டிச வாத்தியாரை உனக்கு மறந்திருக்காது. பென்சன் எடுத்தும் மனுசன் பேனையை வைக்கேல்லை. கச்சேரிக்கு ஒண்டு, பிரதேச செயலகத்துக்கு ஒண்டு, மின்சார சபைக்கு ஒண்டு எண்டு எழுதிக்கொண்டேதான் இருப்பார். தபாற்கந்தோருக்கு அவராலதான் வருமானம் எண்டு நாங்கள் பகிடி பண்ணுறது. இப்ப இரவிரவா மண்ணும் கிரவலும் ஏத்தி ஓடுற ரிப்பருகளைப் பற்றிப் பெட்டிசம் எழுதி, வீடு வீடாக் கையெழுத்து வாங்கித் திரியிறார். பெர்மிட் எடுக்கிறது ஒரு இடத்துக்கு, தோண்டுறது வேற இடத்தில எண்டு சனம் கதைக்குது. மண் அள்ளின பக்கத்துக் கிணறுகளில கோடைக்குத் தண்ணி கீழ போகுது, ரோட்டும் சிதறிப் போச்சு.

ஆர் கையெழுத்து வைச்சது, ஆர் வைக்கேல்லை எண்டதுதான் ருசியான பகுதி. கமக்கார அமைப்பில முதல் ஆளா வைச்சுப்போட்டினம். சந்திக் கடைக்காரர் "கண்ணாடியைக் காணேல்லை, நாளைக்கு வாங்கோ சேர்" எண்டு மூண்டு முறை திருப்பி விட்டிட்டார். கண்ணாடி தலையில இருக்கு! மருமோன் லீசிங்கில ரிப்பர் எடுத்தது ஊருக்கே தெரியும். மாதர் சங்கத்தில ஒரு பிள்ளை பகல் கையெழுத்து வைச்சிட்டு, இரவு ஓடி வந்து "சேர், என்ரை பேரை வெட்டி விடுங்கோ" எண்டு கெஞ்சினதாம். அவளின்ரை மனுசன் ரிப்பர் ட்ரைவர். அவளில நான் பிழை சொல்லமாட்டன், அவளின்ரை அடுப்பு அதிலதான் எரியுது. கடைக்காரரிலதான் எனக்குக் கோவம்.

"வாத்தியார், கடுதாசி எழுதி ஆர் எதை நிப்பாட்டினது?" எண்டு தேத்தண்ணிக் கடையில ஒரு பெடியன் கேட்டிட்டான். கேட்டானே, மனுசன் பையில இருந்த பைலைத் திறந்திட்டார். நானும் பாண் வாங்கப் போய் மாட்டுப்பட்டு நிண்டு கேட்டனான்.

முதல் கதை எப்பாவல. அனுராதபுரப் பக்கம். அங்க நிலத்துக்குக் கீழ பொசுபேற்று இருக்கு. தொண்ணூறுகளில அரசாங்கம் அதை ஒரு அமெரிக்கக் கொம்பனியோட சேர்ந்து கிண்ட ஒப்பந்தம் எழுத வெளிக்கிட்டுது. அந்த ஊர்க் கமக்காரரும் விகாரைப் பிக்குவும் சேர்ந்து உயர் நீதிமன்றம் போச்சினம். 2000 ஆம் ஆண்டு ஜூனில தீர்ப்பு அவைக்குச் சார்பா வந்து, சுற்றாடல் ஆய்வு ஒழுங்காச் செய்யாமல் ஒப்பந்தம் எழுதேலாது எண்டு நீதிமன்றம் மறிச்சுப்போட்டுது. அதே காலத்தில நாங்கள் இங்க பொட்டியும் சட்டியும் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்து திரிஞ்ச படியால் எங்கட காதுக்கு இதெல்லாம் எங்க எட்டினது!

ரெண்டாவது கதை உனக்குக் கிட்ட. உன்ரை பெரியம்மா வீட்டுக் கிணத்தில எண்ணெய் மிதந்ததெண்டு அழுதாயே, அந்தச் சுன்னாகம் கதை. நொதேர்ன் பவர் கொம்பனியின்ரை மின் நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில கலந்தது எண்டு வலிகாமம் முழுக்கக் கொதிச்சுது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல் எல்லோ, மேல ஊத்தினது வடிகட்டுப்படாமல் கீழ இறங்கி எல்லாக் கிணத்துக்கும் போகும். 2015 தொடக்கத்தில சனம் றோட்டில இறங்கினது. ஆனால் உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை வழக்குப் போட்டவர் தெற்கிலயிருந்து வந்த சூழலியலாளர் ரவீந்திர காரியவசம். 2019 ஏப்ரல் 4 இல தீர்ப்பு: மாசுபடுத்தினவை காசு கட்டவேணும், 2 கோடி ரூபா. கிணறு துப்புரவாக்க ஒரு ஆளுக்குக் கூடினது 40,000 ரூபா, 500 பேருக்கு மேல போகாமல்.

நான் நேர சொல்லுறன், 40,000 ரூபாயில ஒரு கிணறு திரும்பக் கிணறாகாது. ஆனால் பெரிய கொம்பனி ஒண்டு குற்றவாளிக் கூட்டில நிண்டதையும், அனுமதி குடுத்த அரச சபையளும் கடமை தவறினவை எண்டு நீதிமன்றம் எழுதினதையும் சும்மா தள்ளேலாது. எங்கட மேடையளில இதைப் பற்றி நாலு வருசம் தொண்டை கிழியக் கத்தினவையில எத்தினை பேர் ஒரு வழக்குப் போட்டவை எண்டு வாத்தியார் கேட்டார். கடை அமைதியாப் போச்சு.

மூண்டாவது மன்னார்க் கதை, அதுதான் சூடு. அங்க மின்சார சபையின்ரை தம்பபவனி எண்டு 30 காற்றாலை 2020 இலயே வந்திட்டுது. பிறகு இந்தியாவின்ரை அதானி கொம்பனிக்காரர் மன்னாரிலயும் எங்கட பூநகரியிலயும் 484 மெகாவாற்றுக் காற்றாலைக்கு வந்தவை. யூனிற்றுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருசத்துக்கு! சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போச்சினம். வடக்கு ஆசியாவிலயிருந்து குளிருக்கு வாற பறவையள் இறங்குற வழி மன்னார்; வங்காலைச் சரணாலயம் 2010 இல ராம்சார் எண்ட உலக ஈரநிலப் பட்டியலில ஏறின இடம். புது அரசாங்கம் விலையைக் குறைக்கச் சொல்ல, 2025 பெப்ரவரியில அதானி கைகழுவிப் போட்டுது. வழக்கோ விலையோ காரணம் எண்டு இன்னும் அடிபடுறாங்கள். என்னைக் கேட்டால், வழக்கு இல்லாட்டில் விலையைப் பற்றி இவ்வளவு கேள்வி வந்திராது.

அதோட முடியேல்லை. 2025 ஓகஸ்டில வேற கொம்பனியளின்ரை காற்றாலைத் துண்டுகளை ஏத்தி வர, மன்னார்ச் சனம் ரோட்டை மறிச்சுப்போட்டுது. தீவு தாழ்வான நிலம், மழைத்தண்ணி ஓட இடமில்லை, மீனும் விலகிப் போகுது எண்டினம். இல்மனைற் மண்ணுக்கு அவுஸ்திரேலியக் கொம்பனி ஒண்டு தீவைத் துளைச்சுப் பார்க்கிறதும் அவைக்கு வயித்தெரிச்சல். ஜனாதிபதி ஒரு மாதம் நிப்பாட்டி வைச்சார். செப்ரெம்பர் 26 இரவு பொலிஸ் பாதுகாப்போட சாமான்கள் உள்ள போக, மறிச்ச சனத்துக்கு அடி விழுந்துது. 29 ஆம் திகதி மன்னாரில கர்த்தால். காற்றாலையே கூடாதெண்டு நான் சொல்லேல்லை, டீசல் புகையிலும் பார்க்க ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில அந்த ஒடுங்கின தீவுதானோ கண்ணில படுது? எங்கட முல்லைத்தீவு மாவட்டத்தில கொக்கிளாய்ப் பக்கச் சனமும் இல்மனைற் மண் எண்டால் இதே மாதிரித்தான் நடுங்குதுகள்.

கொழும்புக் கடலில எரிஞ்சு கடலைக் கெடுத்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலுக்கு 100 கோடி டொலர் கட்டச் சொல்லி 2025 ஜூலையில தீர்ப்பு வந்ததும் பைலில இருக்கு. கொம்பனி கட்டமாட்டன் எண்டிட்டுது. "தீர்ப்பு வேற, காசு வேற" எண்டு வாத்தியாரே சிரிச்சார்.

எல்லாத்தையும் கேட்ட பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: கடுதாசி மட்டும் போனால் கச்சேரி அலுமாரியில தூசி படியும், சனம் மட்டும் போனால் பொல்லடி விழும். ரெண்டும் ஒரே நாளில, ஒரே வாசலில நிக்கவேணும். கேள்வி கேட்ட பெடியனும் கடைசியில கையெழுத்து வைச்சிட்டான். நானும் வைச்சனான்.

இனி உனக்கு ஒண்டு, கோவிக்காதை. நீ அனுப்புற காசில உன்ரை அண்ணன் மாடி வீடு கட்டுறார். போன கிழமை அவற்றை வளவிலயும் விடியப்பறம் ரெண்டு லோட் மண் பறிச்சுக் கிடந்துது. எங்கயிருந்து வந்ததெண்டு நான் கேக்கேல்லை. கேட்டால் எனக்கும் அவருக்கும் கதை முறியும். நீதான் கேக்கவேணும். அடுத்த காசு அனுப்ப முதல், ஒவ்வொரு லோட்டுக்கும் பெர்மிட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. படம் வராட்டில் காசு அனுப்பாதை.

இப்படிக்கு,
உன்ரை தோழி
உடையார்கட்டு