தேவர் நகரில் ஒரு மார்கழி நாள்

சென்ற மார்கழித் திங்களில், முன்னாளிற் சயாம் என வழங்கிய தாய்லாந்து நாட்டின் தலைநகராகிய பாங்காக்கிற்கு அடியேன் குடும்பத்துடன் செல்ல நேர்ந்தது. பிள்ளைகட்குப் பள்ளி விடுமுறை அப்பொழுதே வாய்த்தமையின் வேறு காலம் பார்க்க இயலவில்லை. என் அன்னையார் அதனை முழு மனத்தோடு ஏற்றாரல்லர். “மார்கழியிலா ஊரை விட்டுப் போவது, ஐயா? விடியுமுன் திருவெம்பாவை பாடாமல் எனக்கு ஒரு நாளும் கழிந்ததில்லையே” என்றார். “இறைவன் எங்கும் நிறைந்தவனல்லவா, அம்மா? அங்கும் பாடலாமே” என்று யான் எளிதிற் கூறிவிட்டேன். அச்சொல் என்னையே வந்து சாருமென்று அப்பொழுது நினைந்திலேன்.

நள்ளிரவில் விமானத்தினின்று இறங்கி விடுதியை அடைந்து சிறிது உறங்கிய பின், காலையிற் சாவோ பிரயா ஆற்றிற் படகேறினோம். 1767-ஆம் ஆண்டிற் பர்மியர் படையெடுப்பால் அயுத்தியா என்னும் பழைய தலைநகர் அழிந்தது. அதன்பின் ஆற்றின் மேல்கரையிலுள்ள தோன்புரி சில ஆண்டுகள் தலைநகராயிருந்தது. 1782-இல் முதலாம் இராமர் எனப்படும் அரசர் கீழ்கரையில் இந்நகரை அமைத்தார். அந்நாட்டு மக்கள் இதனைப் பாங்காக் என்னாது ‘குருங் தேப்’ என்பர். தேவர் நகரம் என்பது பொருள். இந்திரன் அளித்தது, விசுவகருமன் சமைத்தது என்றெல்லாம் விரியும் அதன் முழுப்பெயரை என் இளைய மகன் ஒரே மூச்சிற் சொல்ல முயன்று தோற்றான். படகிலிருந்தோர் அனைவரும் நகைத்தனர்.

அரண்மனை வளாகத்துள் தோளும் முழங்காலும் மறைய உடுத்தோரையே விடுகின்றனர். “கோயிலுக்குரிய முறை இங்கும் இருக்கிறதே” என்று அன்னையார் மகிழ்ந்தார். அங்குள்ள மரகதப் புத்தர் கோயிலின் சுற்றுமதிலில், ‘இராமகியன்’ என அவர்கள் வழங்கும் இராமகாதை 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. அநுமனைக் கண்டுகொண்ட பிள்ளைகள் ஆரவாரித்தனர். அதன்பின் வாட் போ என்னும் கோயிலிற் பள்ளிகொண்ட நிலையிலுள்ள 46 மீட்டர் நீளமுள்ள புத்தர் திருவுருவத்தைக் கண்டோம். வெயில் கடுமையாயிற்று, அன்னையாரின் கால்கள் தளர்ந்தன. விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்றாள் என் இல்லாள். ஓரிடம் மட்டும் எஞ்சியது என்று கூறி யானே அனைவரையும் அழைத்துச் சென்றேன்.

அவ்விடம் வாட் சுதாத் என்னும் கோயிலின்முன் செந்நிறத் தேக்குத் தூண்களோடு வானளாவி நிற்கும் பெரிய ஊசல். 1784-இல் முதன்முதல் நாட்டப்பெற்று, 1920-இல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பெற்று, 2007-இற் புதிய மரங்களாற் புதுக்கப்பெற்றது. முற்காலத்தில் இளைஞர் இதிலேறி உயர ஆடி, கம்பத்திற் கட்டிய பொற்கிழியைப் பல்லாற் கௌவுவர். விபத்துகள் நேர்ந்தமையின் 1935-க்குப் பின் ஆட்டம் நின்றது. இவ்விழாவின் பெயர் ‘திரியம்பாவை, திரிபாவை’ என்பது. அது திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபே என்று அறிஞர் கண்டு கூறியுள்ளனர். ஊசலாட்டம் நின்றதாயினும் வழிபாடு நிற்கவில்லை. அருகே, சிவபெருமானுக்கும் விநாயகருக்கும் திருமாலுக்குமாக மூன்று ஆலயங்கள் அமைந்த ‘தேவஸ்தான்’ என்னுமிடத்தில், அரசவை அந்தணர் ஆண்டுதோறும் இவ்விழாவை நிகழ்த்தித் தமிழ் மறைகளை ஓதுகின்றனர். நூற்றாண்டுகள் பலவாக வாய்வழி வந்தமையின் சொற்கள் உருமாறின. பொருள் அவர்கட்கே புலப்படுவதில்லை.

ஆலயத்துள் வணங்கி வந்து நிழலில் அமர்ந்து இவற்றையெல்லாம் யான் விரித்துரைக்க, பன்னிரண்டு வயதுடைய என் மகள் கேட்டாள்: “பொருள் தெரியாமலா அப்பா பாடுகிறார்கள்?”

“ஆம், அம்மா. நமக்கோ பொருள் விளங்கும், நம் மொழியல்லவா?”

“அப்படியானால் நீங்கள் பாடுங்கள். நான் கேட்கிறேன்.”

தொடங்கினேன். முதற்பாட்டு வந்தது. இரண்டாவதின் நடுவே தடுமாறினேன். மூன்றாவதின் முதற்சொல்லும் நினைவுக்கு வந்திலது. திருவெம்பாவையின் காலமும் உரைவேறுபாடும் பற்றி மன்றங்களிற் பேசியவன் யான். ஆயின் நாவில் நின்றது ஒரு பாட்டே! மகள் என் முகத்தையே நோக்கியிருந்தாள். அப்பொழுது அன்னையார், தளர்ந்த கால்களை மடக்கி அமர்ந்து, யான் விட்ட இடத்திலிருந்து மெல்லிய குரலில் எடுத்தார். இருபது பாட்டும் முடியுங்காறும் அவர் எங்கும் நின்றாரல்லர். வாயிலிற் பூ வைத்துக்கொண்டிருந்த அந்நாட்டு மூதாட்டி ஒருவர், ஒரு சொல்லும் விளங்காமலே கைகூப்பி நின்றார்.

அன்பர்காள்! பொருளிழந்தும் ஒலியை இழக்கவொண்ணாதென்று கடல் கடந்த நாட்டினர் காத்து வருகின்றனர். உரையும் பதிப்பும் கைக்கெட்டும் நாமோ, பொருள் நம்முடையதென்னும் துணிவால் ஓதுதலை விட்டுவிடுகின்றோம். அவர்பாற் குறைவென்று யான் எண்ணியது ஒன்று. என்பாற் குறைவென்று அன்று கண்டது மற்றொன்று. ஒலியும் பொருளும் பிரியாது நின்றது, தம் அன்னையார் பாடக்கேட்டே பயின்ற என் அன்னையார்பால்.

அன்றிரவு உறங்கப் போகுமுன் மகள் தன் பாட்டியினருகே சென்று, “ஆச்சி, நாளைக்கு விடியுமுன் என்னையும் எழுப்புங்கள்” என்றாள். உறங்கும் தோழியை எழுப்பும் பாட்டன்றோ திருவெம்பாவை! அது கேட்டு யானும், “என்னையும் எழுப்புங்கள், அம்மா” என்றேன். அன்னையார் விடையொன்றும் கூறாது புன்னகை செய்து விளக்கை அணைத்தார்.

மறுநாள் விடியுமுன் அவ்வறையில் மூவர் குரல் எழுந்தது.

திருச்சிற்றம்பலம்.