டோஃபு குழம்பு வைத்த கதை

மங்களூர் என்றதும் கர்நாடகாவுக்கு பஸ் ஏறிவிடாதீர்கள் மக்களே! இது நம்ம கடலூர் மாவட்டத்து மங்களூர். ஊர்க் கடைகளில் டோஃபு கேட்டால், "அது என்ன மாத்திரையா?" என்பார்கள்.

அந்த ஊர்ப் பையன் ஒருவன் விருத்தாசலத்தில் செராமிக் படிக்கிறான். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவான். வந்தால் பனீர் குழம்பு நிச்சயம். அம்மா செய்வார், எல்லோருக்கும் பரிமாறுவார், கடைசியில் ரசம் சோறு சாப்பிடுவார். காரணம், பாலில் செய்த எதைச் சாப்பிட்டாலும் அவருக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். "எனக்குப் பசியே இல்ல தம்பி" என்று அவர் சொன்னதைப் பல வருஷம் நம்பியவன், ஒரு நாள் அடுப்படியில் அவர் வெறும் மசாலாவை மட்டும் கரண்டியில் தொட்டு உப்புப் பார்ப்பதையும், உடனே வாய் கொப்பளிப்பதையும் பார்த்துவிட்டான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

டோஃபு என்பது சோயா பாலைத் திரித்துச் செய்யும் பனீர். அதில் மாட்டுப்பால் ஒரு சொட்டுக்கூட இல்லை. சிலருக்கு சோயாவும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அம்மா பல வருஷமாக மீல் மேக்கர் சாப்பிடுகிறவர். அதுவும் சோயாதானே!

விருத்தாசலத்தில் கால் கிலோ சோயா பயறு வாங்கி வந்தான். முதல் முயற்சி படுதோல்வி. பச்சைத் தண்ணீரில் அரைத்ததால் ஒரே பச்சை வாடை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. எலுமிச்சைச் சாற்றை மொத்தமாக ஊற்றி வேகமாகக் கிளறியதில் கட்டியாகாமல் தூள் தூளாகிப் போனது. "விடுடா, மாட்டுக்குப் போடலாம்" என்றார் அம்மா.

விடுவானா? சீனாவில் டோஃபுவைக் கட்டியாக்க ஜிப்சம் சேர்ப்பார்கள் என்று படித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் பீங்கான் வார்க்கும் அச்சுகள் செய்யப் பயன்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அந்த ஜிப்சத்தைச் சூடாக்கிச் செய்வதுதான். (அச்சை உடைத்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள், சமையலுக்கு உரியது வேறு!) அந்த அச்சு களிமண் குழம்பின் நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். அவசரப்பட்டு எடுத்தால் பாத்திரம் கோணிவிடும். டோஃபுவுக்கும் அதே பொறுமைதான் வேண்டும்.

அடுத்த வாரம் பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, சுடுதண்ணீர் விட்டு அரைத்தான். மொத்தம் 2 லிட்டர் தண்ணீர். வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் 15 நிமிஷம் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டான். இறக்கி 5 நிமிஷம் ஆறவிட்டு, 3 எலுமிச்சம்பழச் சாற்றில் அரை டம்ளர் தண்ணீர் கலந்து, மூன்று தவணையாக ஊற்றி, மெல்லக் கிளறி மூடிவைத்தான். திரிந்ததும் வேட்டித் துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவி. ஒரு மணி நேரத்தில் வெள்ளைக் கட்டி ரெடி!

குழம்புக்கு வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, காய்ந்த மிளகாய் 8, மிளகு, சோம்பு, பட்டை எல்லாவற்றையும் வதக்கி அரைத்தான். கொழகொழவென்ற செழிப்புக்குப் பாலாடை வேண்டாம், நம்ம பண்ருட்டி முந்திரி ஒரு கைப்பிடி அரைத்துவிட்டால் போதும். டோஃபுவுக்குச் சொந்தச் சுவை குறைவு. அதனால் துண்டுகளை உப்புப் போட்ட சுடுதண்ணீரில் 10 நிமிஷம் கிடத்திவிட்டு, எண்ணெய் பிரிந்த குழம்பில் சேர்க்க வேண்டும். சீனாவின் செங்டூ நகரில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த மாப்போ டோஃபுவிலும் காரம்தான் பிரதானம். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்த ஒரு சமையல்காரப் பெண்மணியின் அடையாளமே அந்தக் குழம்பின் பெயராகிவிட்டது. நம்ம அம்மாக்களின் குழம்புக்கு யார் பெயர் வைத்தார்கள்?

முதல் நாள் அம்மாவுக்குச் சின்னத் துண்டு மட்டும் கொடுத்தான். ராத்திரி முழுக்கத் தூங்காமல், அவர் கையை டார்ச் அடித்துப் பார்த்தான். தடிப்பு இல்லை. மறுநாள் மதியம் அம்மாவை முதலில் உட்காரவைத்துப் பரிமாறினான். அவர் எதுவும் பேசவில்லை. தட்டு காலியானது.

"கொஞ்சம் உப்பு கம்மிடா" என்றார். பிறகு தட்டை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு துண்டு போடு தம்பி... பசிக்குது."