பழசாக்குதல்

மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு, அதை ஒட்டி முடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி அதைப் பழசாக்குவது. வெயிலில் வெளுத்த பச்சை, தகட்டு இணைப்புகளில் படிந்த எண்ணெய்க் கறுப்பு, விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் உதிர்ந்த வண்ணம் - எல்லாம் ஒரு நாளும் பறக்காத பிளாஸ்டிக்கின் மேல் தூரிகையால் ஏற்றப்படுகின்றன. நேராத காலத்தை நேர்ந்ததாகக் காட்டும் காரியம். கதை எழுதுவதும் ஏறக்குறைய இதுதான் என்பதால் இதைப் பற்றி இங்கே எழுதலாம் என்று படுகிறது.

நான் செய்தது மிக்-21. 1/72 அளவு, முடித்தால் ஏறக்குறைய ஒரு சாண். இந்த விகிதத்தின் கணக்கு எளிது: ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். இரண்டாம் உலகப் போரில், விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காக, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் இதே அளவில் மரத்தில் செதுக்கிக் கொடுத்தார்கள். அவற்றுக்கு வெறும் கறுப்பு வண்ணம்தான். வானத்துக்கு எதிரே தெரிவது உருவக்கோடு மட்டும். சுடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவனுக்கு விமானத்தின் வயது தேவைப்படவில்லை. அது பிற்பாடு, சாவகாசமாக மேஜையருகே உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் தேவைப்படுகிறது.

போச்சம்பள்ளியில், கிரானைட் லாரிகள் போகும் சாலையோரம் குடியிருக்கிறேன். இங்கே எதையும் பழசாக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. வீட்டுக்கார அம்மாள் ஒரு நாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஏங்க சார், புதுசா வாங்கி எதுக்குங்க பழசாக்கறீங்க?" என்றார். விமர்சகர்கள் பலர் கேட்கத் தவறிய கேள்வி.

அழுக்குக்கு ஓர் இலக்கணம் உண்டு என்பதை எனக்குக் கற்பித்தது வங்கிக் கௌண்டர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்து திங்களன்று வரும் கட்டுகளை எண்ணுகிறவனுக்குத் தெரியும்: பத்து ரூபாய் நோட்டு ஒரே சீராக அழுக்காவதில்லை. முதலில் மடிப்பு கறுக்கும், பிறகு விரல் படும் ஓரம். இடுப்பில் செருகிய நோட்டு ஒரு மாதிரி, சட்டைப் பையில் வியர்வையில் ஊறியது வேறு மாதிரி. புளி வியாபாரியின் கட்டை மூக்கே சொல்லிவிடும். ஒவ்வொரு கறைக்கும் பின்னால் ஒரு கை, ஒரு காரியம்.

விமானத்திலும் அப்படித்தான். ஏணி சாத்தும் பக்கம் தேயும். மறுபக்கம் அவ்வளவு தேயாது. பின்புற நெருப்புக் குழாயருகே உலோகம் வெப்பத்தில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறும். இதை அறியாதவர்கள் எங்கும் வெள்ளிப் புள்ளி வைக்கிறார்கள். அசிரத்தையாக வைத்த ஒரு மில்லிமீட்டர் புள்ளி, நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டர் காயம். நம் யதார்த்தக் கதைகள் பலவற்றில் வட்டார வழக்கு இப்படித்தான் தெளிக்கப்பட்டிருக்கிறது: ஆள் ஏற்கெனவே வார்த்து முடிந்தாயிற்று, மேலே நாலு கொச்சை.

இன்னொரு வழி இருக்கிறது. 1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்த மிக்-21 ரகத்தில் பல விமானங்கள், வெள்ளி உலோகமாகவே பறந்துகொண்டிருந்து, 1971 போரையொட்டி அவசரமாகப் பச்சை பூசப்பட்டவை. அதே வரிசையில் நானும் போனேன். முதலில் முழு விமானத்துக்கும் வெள்ளி. அது காய்ந்தபின், தேயக்கூடிய இடங்களை மட்டும் ஈரமாக்கி, சமையலறைக் கல்லுப்பைப் பொடித்துத் தூவுவது. உப்பு உலர்ந்து ஒட்டிக்கொண்டதும் ஏர்பிரஷ்ஷால் பச்சை. கடைசியில் விரலால் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அடியிலிருந்த வெள்ளி எட்டிப் பார்க்கும். அந்த உதிர்வு வரைந்ததில்லை, உண்மையிலேயே உதிர்ந்தது. நடந்தது நடந்த வரிசையில் மறுபடி நடத்தப்படும்போது பாவனை ஓரளவு நேர்மை பெறுகிறது.

ஆனால் ஓரளவுதான். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மிக்-21 விமானங்கள் அதன்மீது 57 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளைச் செலுத்தின. கவர்னர் மாலிக் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அந்தப் போரின் நியாயம் வேறு விஷயம். நான் பார்ப்பது, என் மேஜைமேல் இருக்கும் இந்த ஒரு சாண் விமானத்தில் அந்த மாளிகைக் கூரைக்கு இடமே இல்லை என்பதை. வெயில், மழை, எண்ணெய், பூட்ஸ் கால் - இதன்மேல் உள்ள வடுக்கள் எல்லாம் இது பட்டவை. இது செய்தது எதுவும் இதன்மேல் இல்லை. அழகாகப் பழசாக்கிய ஆயுதம் பார்க்கிறவனின் பரிவைக் கேட்கிறது. உழைத்துக் களைத்த ஒரு ஜீவனைப்போல் நிற்கிறது. நம் தன்மை ஒருமைக் கதைகளின் நாயகன் நினைவுக்கு வருகிறான். அவன் உடம்பில் எல்லா வடுக்களும் உண்டு. அவன் பிறருக்கு உண்டாக்கிய வடு ஒன்றும் கதையில் இல்லை.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்தார்கள். பீடங்களின்மேல் நிறுத்தப்படும் பழைய போர் விமானங்களுக்கு அவ்வப்போது பளபளவென்று புது வண்ணம் அடிக்கப்படுகிறது. நிஜத்தைப் புதிதாக்கிவிட்டுப் பொம்மையைப் பழசாக்குகிறோம்.

ஒரே ஒரு கறை வெளியே நடந்ததைச் சுட்டக்கூடியது: ராக்கெட் கூடுகளின் வாயிலும் அவற்றை ஒட்டிய இறக்கையின் அடிப்பாகத்திலும் படியும் புகைக்கரி. பென்சில் முனையைப் பொடித்து, விரலில் தொட்டு, அதைக் கடைசியாக வைத்தேன். மேஜைமேல் விமானம் நிற்கும்போது அது தெரியாது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.