காதோரக் குங்குமம்

பெரியநாயக்கன்பாளையம்,
20 ஜூலை 2025.

அன்பு அம்மணிக்கு,

ஆடி பொறந்து நாலு நாளாச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இந்த வருஷம் ரொம்ப மோசம். கொடியில போட்ட துணி பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்துல போய் உக்காந்துக்குது. நீ சிரம்பான்ல மகள் வீட்டுல பேரனைக் கொஞ்சிக்கிட்டு இருப்பே. வாட்ஸ்அப்புல நாலு வரி தட்டினா உனக்குப் பத்தாதுன்னு தெரியும், அதான் காயிதம். காபியை வெச்சுக்கிட்டு உக்காரு, சமாச்சாரம் நிறைய இருக்கு.

மொதல்ல கல்யாணச் சேதி. எங்க நங்கை மகள் இருக்காளே, கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கேஷுவாலிட்டி நர்ஸு, அவளுக்குக் காரமடைப் பக்கம் ஒரு எடம் வந்துது. பையன் நல்ல பையன். ஜாதகமும் பொருந்திருச்சு. பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குக் கச்சாயம் சுட்டு என் கை வலிச்சுது. ஆவணியில நிச்சயம்னு பேச்சு. போன வாரம் பையனோட ஆத்தா போன் பண்ணி, "பொண்ணு வேலையை உட்டுட்டு வர்றதா இருந்தா மேல பேசலாமுங்க"ங்கறாங்க. காரணம் என்னன்னா நிப்பாக் காய்ச்சல்.

பாலக்காட்டு மாவட்டத்துல, மண்ணார்க்காடு பக்கம் தச்சநாட்டுக்கரையில ஒரு அம்மாவுக்கு நிப்பான்னு இந்த மாசத் தொடக்கத்துல உறுதியாச்சு. மண்ணார்க்காடு உனக்கு ஞாபகம் இருக்கும். அட்டப்பாடி, ஆனைகட்டி, மாங்கரை, சின்னத்தடாகம்னு எறங்கினா நம்மூர்தான். வாளையார்ல வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கறாங்க. இங்க ஊருக்குள்ள அதைவிடப் பெரிய கூத்து. பாலமலை போற வழியில ஆலமரத்துல தொங்குற பழந்தின்னி வவ்வாலுக்குப் பட்டாசு வெடிக்கணும்னு நாலு பசங்க கெளம்பிட்டாங்க. நான்தான் தடுத்தேன். கலைச்சு உட்டா அதுக வேற எடம் தேடிப் போகும், அந்தப் பதட்டத்துல கிருமியை இன்னும் நிறைய வெளியேத்தும். மரத்தடியில கடிபட்டுக் கெடக்கற பழத்தைத் தொடாம இருந்தாலே போதும்னு சொன்னேன். பங்களாதேசத்துல காய்ச்சாத ஈச்சம்பதநீர் மூலமாத்தான் நிறைய பேருக்கு வந்திருக்கு. ராத்திரியில வவ்வால் வந்து பானையை நக்கிட்டுப் போயிருது. அதைக் கேட்டதுல இருந்து எங்க மச்சாண்டார் தெளுவைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கறார். பிராந்திக் கடைக்குப் போறதுக்கு மட்டும் அவருக்குப் பயமே கெடையாது.

இதுல உனக்கும் பங்கு இருக்கு அம்மணி. நிப்பாங்கற பேரே உங்க சிரம்பான் இருக்கற நெகிரி செம்பிலான் மாநிலத்துல, சுங்கை நிப்பாங்கற கிராமத்துல இருந்து வந்ததுதான். 1998லயும் 1999லயும் மலேசியாவுல பன்னிப் பண்ணைக்காரங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, மொத்தம் 265 பேருல 105 பேர் செத்துப் போனாங்க. மொதல்ல அது கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு நினைச்சு ஊர் முழுக்கப் புகை அடிச்சாங்களாம், ஊசி போட்டாங்களாம். மலாயா பல்கலைக்கழகத்துல சுவா காவ் பிங்னு ஒரு டாக்டர்தான் இது வேற ஏதோ புதுசுன்னு கண்டுபிடிச்சார். பத்து லட்சம் பன்னிகளுக்கு மேல கொன்னதுக்கு அப்புறம்தான் ஓய்ஞ்சுது. ஆனா அங்க ஆஸ்பத்திரி ஆளுங்க பெரும்பாலும் தப்பிச்சுட்டாங்க.

நம்ம பக்கம் வந்த வகை வேற. இது இருமலோட மனுஷங்கிட்ட இருந்து மனுஷனுக்குப் போகுது. 2001ல சிலிகுரியில 66 பேருக்கு வந்து 45 பேர் செத்தாங்க. முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க, இல்லைன்னா அங்க நோயாளியைப் பார்க்க வந்தவங்க. அது என்ன சீக்குன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியலை. நிப்பான்னு பரிசோதனையில தெரிய அஞ்சு வருஷம் ஆச்சு.

லினியை உனக்குத் தெரியும். கேரளாவுல பேராம்பிரா தாலுக்கா ஆஸ்பத்திரி நர்ஸு லினி புதுசேரி. 2018ல அங்க நிப்பா வந்தப்ப அவ போட்டோவை நீதான் எனக்கு அனுப்பிச்சே. ரெண்டு சின்னப் பசங்க, புருஷன் பஹ்ரைன்ல. மே மாசத் தொடக்கத்துல காய்ச்சலோட வந்த ஒரு பையனை ராத்திரி டூட்டியில பார்த்துக்கிட்டா. அன்னிக்கு அது வெறும் காய்ச்சல் கேஸு. கவச உடை போடச் சொல்லவும் ஆளில்லை, காரணமும் இல்லை. அந்தப் பையனைக் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினாங்க. அங்க சி.டி. ஸ்கேனுக்குக் காத்திருந்த வராந்தாவுல இருமிக்கிட்டே கெடந்திருக்கான். அடுத்த வார்டு நோயாளிக்குத் துணைக்கு வந்தவங்க, அந்தப் பக்கமா நடந்து போனவங்கன்னு வரிசையா அங்கதான் வாங்கிட்டுப் போனாங்க. பின்னால உக்காந்து கணக்குப் பார்த்தா மொத்தம் 23 பேர், அதுல 21 பேர் செத்தாச்சு. மொதல் பையனைத் தவிர மத்த எல்லாருக்கும் வந்தது ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளதான். பொழைச்ச ரெண்டு பேருல ஒருத்தி நர்ஸிங் படிக்கற பொண்ணு.

அந்தப் பையன் செத்துக் கிட்டத்தட்ட ரெண்டு வாரம் கழிச்சு அவனோட அண்ணன் அதே மாதிரி வந்து படுத்தப்பதான் டாக்டருங்களுக்குச் சந்தேகம் வந்துது. மணிப்பால் லேப்புல நிப்பான்னு முடிவு வந்தது மே 20 வாக்குல. லினி செத்தது 21. அவ பார்த்துக்கிட்ட சீக்குக்குப் பேர் கெடைச்சதும் அவ உசுரு போனதும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் நடந்துது. எனக்கு இதுதான் மனசை அறுக்குது. எல்லாரும் அவ புருஷனுக்கு எழுதி வெச்ச கடைசிச் சீட்டைப் பத்தியே பேசறாங்க. நான் அந்தப் பேரில்லாத பதினஞ்சு நாளைப் பத்தித்தான் நினைக்கறேன். பேர் தெரிஞ்ச சீக்குன்னா நாம பயந்து பயந்து மூடிக்குவோம். பேர் தெரியாத சீக்கை வெறுங்கையால தொட்டு, தலையணையைச் சரி பண்ணி, "சரியாப் போயிரும் கண்ணு"ம்போம். நாம ரெண்டு பேரும் முப்பது வருஷமா அதைத்தானே செஞ்சோம்?

அப்புறம் பேராம்பிரா நர்ஸுங்க பஸ்ஸுல ஏறினா பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சுப் போனாங்களாம். அதைப் படிச்சப்ப எனக்கு 2020 கொரோனாக் காலம் ஞாபகம் வந்துது. மார்ச் 22ந் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு நன்றின்னு எங்க வீதியில வட்டலைத் தட்டாத ஆளில்லை. எதிர்வீட்டு அம்மா வெங்கலப் போசியையே கரண்டியால அடிச்சாங்க, சத்தம் ஜோதிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். மூணு வாரம் கழிச்சு அதே அம்மா பால்காரர்கிட்ட, "அவங்க வீட்டுக்குக் கேட்டோட வெச்சுட்டு வாங்க, உள்ள போகாதீங்க"ன்னு சொன்னது என் காதுலயே விழுந்துது. நான் சண்டைக்குப் போகலை. எங்கூட வேலை பார்த்த ஒரு பொண்ணைப் பிரஸ் காலனிப் பக்கத்து வீட்டுக்காரர் ரூமைக் காலி பண்ணச் சொன்னார். அவ ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து பையோட வாசல்ல நின்னா. மூணு மாசம் எங்க வீட்டு ஆசாரத்துலதான் படுத்தா. நல்லா வெண்டைக்காய்ப் புளிக்கொழம்பு வெப்பா, அது ஒரு லாபம்.

சென்னையில டாக்டர் சைமன் ஹெர்குலிஸுக்கு நடந்ததோட ஒப்பிட்டா எங்களுக்கு நடந்தது ஒண்ணுமே இல்லை. ஏப்ரல் 19, 2020. கொரோனாவுல செத்த டாக்டரைப் பொதைக்கப் போன ஆம்புலன்ஸைக் கல்லாலயும் கட்டையாலயும் அடிச்சுத் தொரத்தினாங்க. அவரோட வேலை பார்த்த டாக்டர் பிரதீப் குமார் நடுராத்திரியில ரெண்டு வார்டு பாய்களோட வேலங்காட்டு இடுகாட்டுக்குத் திரும்பி வந்து, தானே மண்வெட்டி எடுத்துக் குழியை மூடினார். மூணே நாள்ல மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டுது, மருத்துவ ஊழியர்களை அடிச்சுப் படுகாயப்படுத்தினா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில்னு. பொணத்தைப் பொதைக்க விடாமத் தடுத்தா மூணு வருஷம் வரைக்கும்னு தமிழ்நாட்டுலயும் தனியாச் சட்டம் வந்துது. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனா கேட்டோட பால் வைக்கச் சொல்றதுக்கு எந்தப் பிரிவுல கேஸ் போடறது?

எங்களைத் தெய்வம்னு சொன்னவங்களும் உண்டு. எனக்கு அவங்களைக் கண்டாத்தான் இன்னும் பயம். தெய்வம் சம்பளம் கேக்காது, லீவு கேக்காது, ரெண்டாவது கவச உடையும் கேக்காது பாரு. லினியும் நிரந்தர வேலையில இல்லை, தெரியுமா உனக்கு? செத்ததுக்கு அப்புறம்தான் புருஷனுக்கு அரசாங்க வேலை கெடைச்சுது.

நம்மூரு பெருமை ஒண்ணும் சொல்லணும். அவினாசி ரோட்டுச் சிட்ரா இருக்கே, பஞ்சுக்கும் நூலுக்கும் பரிசோதனை பண்ற எடம், 2020 தொடக்கத்துல நாடு முழுக்க இருந்து கவச உடைத் துணியெல்லாம் சோதனைக்கு அங்கதான் வந்து குவிஞ்சுது. செயற்கை ரத்தம்னு ஒரு செவப்புத் திரவத்தைத் துணி மேல அழுத்தம் குடுத்துப் பாய்ச்சுவாங்க. மறுபக்கம் ஒரு பொட்டுச் செவப்பு தெரிஞ்சாலும் துணி ஃபெயிலு. எங்க வீட்டுக்காரர் மில்லுல ஃபிட்டரா இருந்தவர்ங்கறதால இதையெல்லாம் கதை மாதிரிச் சொல்லுவார். துணி பெரும்பாலும் பாஸாயிருமாம், தையல்தான் கவுத்துருமாம். ஊசி போன ஓட்டை வழியா ரத்தம் எறங்கிரும். அதனால தையல் மேல சூடு காட்டி ஒரு டேப்பை ஒட்டணும். அந்த டேப்புக்குப் பட்ட பாடு இருக்கே! ஜனவரியில இந்த உடையைத் தைக்கறவங்களே இந்த நாட்டுல கிட்டத்தட்ட கெடையாது. மே மாசத்துல தெனம் லட்சக்கணக்குல தைச்சாங்க. திருப்பூர்ல பனியன் தைச்ச மெசின்லயும் அதைத்தான் தைச்சாங்க.

நாங்க அதைப் போட்டுக்கிட்டு ஆறு மணி நேரம் நின்னோம். தண்ணி குடிக்க முடியாது, ஒண்ணுக்குப் போக முடியாது. 2021 மே கடைசியில தெனசரி கொரோனாக் கணக்குல கோயமுத்தூர் சென்னையையே தாண்டிருச்சு. முதலமைச்சர் ஸ்டாலின் கவச உடை போட்டுக்கிட்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போனாரே, டி.வி.யில பார்த்தப்ப எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. அவரைக் கழட்டி உடறதுக்குப் பக்கத்துல ஆள் நின்னிருப்பாங்க.

ஏன்னா ஆபத்து போடும்போது இல்லை, கழட்டும்போதுதான். இதை நான் உங்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை. 2020 ஜூன்ல, அன்னிக்குப் பன்னெண்டு மணி நேர டூட்டி, கண்ணாடிக்குள்ள வேர்வை. கழட்டற ரூமுக்கு வந்ததும் மூச்சு முட்டுதுன்னு மொதல்ல மாஸ்க்கைப் புடுங்கிட்டேன். மாஸ்க் கடைசியாக் கழட்ட வேண்டியது, கைக்கவசம் மொதல்ல. நான் மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்த வரிசைதான். அஞ்சாம் நாள் எனக்குக் காய்ச்சல், ஏழாம் நாள் எங்க வீட்டுக்காரருக்கு. அவர் பொழைச்சுட்டார். ஆனா வருஷா வருஷம் பாலமலை அரங்கநாதர் கோயிலுக்கு நடந்து ஏறினவர், அதுக்கப்புறம் ஜீப்புலதான் போறார்.

சியரா லியோன்ல ஷேக் உமர் கான்னு ஒரு டாக்டர் இருந்தார். எபோலா வார்டுக்குள்ள போறதுக்கு முன்னால தன்னைத் தானே சரிபார்க்க ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு வெச்சிருந்தாராம், அதுக்குப் 'போலீஸ்காரர்'னு பேரு. அவரும் 2014 ஜூலையில எபோலாவுல செத்துட்டார். அந்தக் கண்ணாடி விசயத்தைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு யோசனை. போன ஞாயித்துக்கெழமை நங்கை மகளைக் கூப்பிட்டு உட்டேன்.

பொடக்காலியில நிக்க வெச்சு, மாமன் ரெயின்கோட்டை மாட்டி, கையில ரெண்டு சோடி கைக்கவசம், மூஞ்சியில மாஸ்க், என் பழைய கண்ணாடி. தேங்காயெண்ணெயில குங்குமத்தைக் கொழைச்சு அவ கையிலயும் முன்பக்கமும் நல்லாப் பூசினேன். "இதுதான் சீக்கு. இப்பக் கழட்டு அம்மணி"ன்னேன். சிரிச்சுக்கிட்டே கழட்டினா. ரெண்டே நிமிசம். அப்புறம் அலமாரிக் கண்ணாடியைத் தூக்கிட்டு வந்து காட்டினேன். எடது காதோரம் செவப்பு, மாஸ்க் கயித்தை எடுத்தப்ப பட்டது. தாவாங்கட்டையில செவப்பு. மணிக்கட்டுல வளையம் மாதிரி ஒரு கோடு. சிரிப்பு நின்னு போச்சு. "அத்தை, நான் தெனமும் இப்படியா பண்றேன்?"னு கேட்டா.

மறுபடியும் கழட்டச் சொன்னேன். வெளிக் கைக்கவசம், சானிடைசரால கையைத் தொடை. கோட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரிச் சுருட்டு, கையைத் தொடை. கண்ணாடியைப் பின்னாலிருந்து எடு. உள் கைக்கவசம், கையைத் தொடை. தலையைக் குனிஞ்சு மாஸ்க்கை ரெண்டு கயித்தையும் புடிச்சு முன்னால எடு. கடைசியா சோப்புப் போட்டுக் கை. பத்து நிமிசம் ஆச்சு. நிறைய ஆஸ்பத்திரிகள்ல இந்தப் பத்து நிமிசத்தை டூட்டி நேரத்துல சேர்க்கறதில்லை. அப்புறம் பொண்ணுங்க அவசரப்படாம என்ன பண்ணுவாங்க? ஒருத்தி கழட்டும்போது இன்னொருத்தி நின்னு பார்த்துச் சொல்லணும், அந்த ஆளையும் போட மாட்டாங்க.

நாங்க ஆறாவது தடவை கழட்டிக்கிட்டிருக்கும்போதுதான் அந்தக் காரமடை ஆத்தா மறுபடியும் போன் பண்ணினாங்க. என் கை முழுக்கக் குங்குமம், அதனால ஸ்பீக்கர்ல போட்டேன். வேலையை உடற பேச்சு என்னாச்சுங்கன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னால இவ, "அத்தை, உங்களுக்கு நாளைக்கு நெஞ்சு வலிச்சாக் கேஷுவாலிட்டியில யார் இருக்கணுமுங்க?"ன்னா. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆவணி பொறக்கட்டும், பார்க்கலாமுங்கன்னு வெச்சுட்டாங்க. வருவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியலை. வந்தாக் கச்சாயம் சுடறேன், வராட்டிப் போகட்டும்.

உம்பொண்ணு வீட்டுப் பக்கத்துல நர்ஸுப் பொண்ணுங்க யாராச்சும் தங்கியிருந்தா, ராத்திரி டூட்டி முடிஞ்சு வரும்போது ஒரு டம்ளர் காபி குடு. கேட்டோட வைக்காம, உள்ள கூப்பிட்டுக் குடு.

நாளைக்கு நங்கை மகளுக்கு நைட் டூட்டி. இன்னிக்குக் காலையில ஒரு தடவை குங்குமம் பூசிப் பார்த்தோம். காது சுத்தமா இருந்துது. கழுத்துக்குப் பின்னால மட்டும் ஒரு பொட்டு.

இப்படிக்கு,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்.